கைதட்டி நிறைவேற்றிய யாப்பு

பாரிசின் லா சப்பலில் நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவியவர் மேற்கு ஆப்பிரிக்காக்காரர். எங்களோடு நின்று நின்று யாழ்ப்பாணத் தமிழை நன்றாகப் பிடித்துவிட்டார். முதலாளியை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வருடம் அவருடைய நாட்டில் புதிய அரசியலமைப்புக்குப் பொதுசன வாக்கெடுப்பு வந்தது. இரண்டு தடவைக்கு மேல் ஒருவர் ஜனாதிபதியாக இருக்கக்கூடாது என்ற விதியைத் தூக்கிவிடுவதுதான் அதிலிருந்த புதுமை. அதை எதிர்த்துத் தெருவில் கத்தியதற்காக அவருடைய தம்பி சிறையில் இருந்தான். ‘இல்லை’ வென்றால் அவனை விட்டுவிடுவார்கள் என்று இவர் நம்பினார். ஞாயிற்றுக்கிழமை கடையில் கால் வைக்க இடமிருக்காது. அப்படியிருந்தும் லீவு கேட்டுத் தூதரகத்துக்குப் போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தார்.

‘ஆம்’ அமோகமாக வென்றது. முதலாளிக்கு நல்ல கொண்டாட்டம்.

“கதிரையில இருந்தால் எழும்பமாட்டாங்கள். உங்கட ஆக்களுக்கு ஜனநாயகம் சரிவராது, தம்பி,” என்று தேத்தண்ணியை உறிஞ்சியபடி வகுப்பெடுத்தார். பாத்திரம் கழுவியவர் தாச்சிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மாதம் பாரிசுக்கு வெளியே சார்செலில் எங்கள் ஊர்ச் சங்கப் பொதுக்கூட்டம். தலைவர் எங்கள் முதலாளிதான். நான் பாரிசுக்கு வந்த நாளிலிருந்தே அவர்தான். சங்கத்தின் விதிகளை எழுதிவைத்த யாப்பின்படி அந்த முறை இறங்கியாகவேண்டும். செயலாளர் எழுந்து, “யாப்பில ஒரு சின்னத் திருத்தம்,” என்றார். செயலாளர் வேறு யாருமில்லை, முதலாளியின் மைத்துனர். தலைவர் விரும்பும்வரை தலைவராக இருக்கலாமாம். ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். முன்வரிசை கைதட்டியது. பின்வரிசை, கொத்துரொட்டி வாசம் வந்துவிட்டதால், இன்னும் பலமாகத் தட்டியது. ஏகமனதாக நிறைவேறியது. எதிர்ப்பவர் உண்டா என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. கேட்டால் யாராவது கைதூக்கித் தொலைத்துவிடுவார்கள்.

அன்று சாப்பாடு பரிமாறப் பாத்திரம் கழுவியவரையும் கூட்டிவந்திருந்தோம். கழுத்தில் மாலையோடு முதலாளி அவரிடம் வந்தார்.

“பாத்தியோ தம்பி, ஒரு சண்டை சச்சரவு இல்லை. இதுதான் ஜனநாயகம்.”

“ஓம் அண்ணை,” என்றார் அவர், தட்டில் ரொட்டியைப் போட்டபடி. “எங்கட ஜனாதிபதி வோட்டைப் பொய்யாத்தான் எண்ணினவர். எண்டாலும் எண்ணினவர். வேண்டாம் எண்டு சொன்னவங்களை அடக்க அவருக்கு மறியல்வீடு வேணும். என்ர தம்பி இப்பவும் அங்கைதான் இருக்கிறான். உங்களுக்கு அதுக்குக் கொத்துரொட்டியே போதும்.”