மூன்று இருபத்தெட்டுக்கு ஏறிய கோடு

காந்திபுரத்திலிருந்து இருகூருக்கு இருபத்தெட்டு வருடமாகத் தனியார் டவுன் பஸ் ஓட்டுகிறவர் சென்னகேசவன். அவர் மணிக்கட்டில் ஒரு கருப்புப் பட்டையைக் கட்டிவிட்டாள் ஹரிதா. நகரத்து நெரிசல் டிரைவர்களை எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துகிறது என்று ஆராய்கிற கல்லூரி மாணவி அவள். நாடித்துடிப்பு, வியர்வை எல்லாவற்றையும் பட்டையே குறித்துக்கொள்ளும். ஆராய்ச்சி நல்ல காரியந்தான். நடுவில் பஸ் முதலாளி புகுந்து, "பதட்டம் சாஸ்தியா இருக்கறவங்க இனி ஷெட்டு வேலைக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டாரே, அதுதான் சென்னகேசவனை உறுத்தியது. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு டயருக்குக் காற்றுப் பிடிக்கிற மனுஷனா அவர்!

ஒரு வாரம் கழித்து, பட்டை குறித்த பதட்டத்தைக் கோடாக வரைந்து ஹரிதா லேப்டாப்பில் காட்டினாள். சிங்காநல்லூர் சிக்னலில் கோடு ஆடாமல் கிடந்தது. குறுக்கே பாய்ந்த டூவீலர்களுக்கும் அசையவில்லை. அதைத் தாண்டி, ஈ காக்கை இல்லாத ஒரு கம்பிவேலி ஓரத்தில், தினமும் மதியம் மூன்று இருபத்தெட்டுக்கு மட்டும் விசுக்கென்று ஏறியிருந்தது.

"அங்க என்னங்ணா இருக்குது?"

"இப்ப ஒண்ணுமில்லீங்க அம்மணி. முன்ன மில்லு இருந்துச்சுங்க."

அப்போதெல்லாம் மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து மில் சங்கு ஊதும். பஸ் வருகிற நேரமோ அதற்கு இரண்டு நிமிடம் முந்தி. விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம். கண்டக்டர் விசில் ஊதுவார், பின்னால் நிற்கிறவன் ஹாரனை அழுத்துவான். சென்னகேசவனோ சங்கு ஊதும்வரை கண்ணாடியையே பார்த்திருப்பார். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு பெண்கள் ஓடிவருவார்கள். புவனா என்றொரு பெண் எப்போதும் கடைசி, செருப்பு கையில். இருகூரில் டைம் கீப்பர் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். மறுநாளும் சென்னகேசவன் நிற்பார்.

பதினொரு வருடத்துக்கு முன் மில்லை மூடினார்கள். கடைசி நாளும் நின்றார். அன்று யாரும் ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தார்கள்.

"நிக்காமப் போறப்பெல்லாம் ஆரையோ உட்டுப்போட்டுப் போறாப்புலயே இருக்குதுங்க," என்றார்.

ஹரிதா லேப்டாப்பை மூடினாள். "முதலாளிக்கு ரிப்போர்ட் குடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்குதுங்ணா. அங்க ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க."

நின்றார். "ஏனுங்க, ஆருக்குங்க நிக்கறீங்க?" என்று வண்டியிலிருந்தவர்கள் கேட்டார்கள். முதல் நாள் நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டாம் நாளும் அப்படியே. பிறகு கண்ணாடியில் வேலி தெரிந்தது, சீமைக்கருவேலம் தெரிந்தது, அவ்வளவுதான். ஓடிவர ஆளில்லை என்பதைத் தினம் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் கல்நெஞ்சுக்குக்கூடப் புரிந்துபோகும்.

வாரக் கடைசியில் ஹரிதா சிரித்தபடி வந்தாள். "மூணாம் நாள்ல இருந்து கோடு ஏறவே இல்லீங்ணா. இனி உங்களை ஆரும் வண்டிய உட்டு எறக்க முடியாது."

சந்தோஷந்தான், பொய் சொல்வானேன். மனுஷன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். ஆனால் அந்த நேர்கோட்டைப் பார்க்கப் பார்க்க, ஒரு பஸ் நிறைய ஆட்களை நடுரோட்டில் இறக்கிவிட்டு வந்ததுபோல் அவருக்கு வலித்தது.

"கண்ணு," என்றார் மெதுவாக, "அந்த மொத வாரத்துக் கோட்டை எனக்கொரு பிரிண்ட் போட்டுக் குடுங்க."