டியர் டாக்டர் திருவேங்கடம்

கிருஷ்ணப்பிரியாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு ஆத்திரம்தான் முதலில் வருகிறது. பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் பொறியியல் கல்லூரியில், வேதியியல் துறையில், என் பக்கத்து மேசை அவளுடையது. ஆலைக் கழிவுநீரிலிருந்து குரோமியத்தைப் பிரித்தெடுப்பது அவள் ஆராய்ச்சி. தன்னைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத அசடு.

அதற்கும் சேர்த்துப் பேச அவள் அப்பா இருந்தார். திருவேங்கடம், வெள்ளானூர்க்காரர். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு முன் மகள் முதல் கட்டுரையை அனுப்பியபோது வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரன் குடும்பப் பெயர் கேட்டான். நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டாள். நாம் எல்லோரும் செய்கிற காரியம்தான். அதன்பின் அவள் ஆராய்ச்சியை யார் மேற்கோள் காட்டினாலும் 'திருவேங்கடமும் பிறரும்' என்றே எழுதினார்கள். அவளோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்த கொரியாப் பேராசிரியரும் ஒவ்வொரு மெயிலையும் 'டியர் டாக்டர் திருவேங்கடம்' என்றுதான் தொடங்குவார்.

மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. மேற்கோள்களை எண்ணிக் காட்டும் இணையப் பக்கத்தில் தன் பெயரை இங்கிலீஷில் எழுத்துக்கூட்டித் தேடக் கற்றுக்கொண்டார். நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் போனை மூக்குக்கு நேரே நீட்டுவார்.

“பாத்தியாம்மா லாவண்யா, பிரேசில்ல எவனோ என் பேர எழுதிக்கீறான். நான் திருப்பதியத் தாண்டி எங்க போயிக்கீறேன்?”

“நைனா, அது நான் செஞ்ச வேலை” என்பாள் பிரியா.

“உன்னப் பெத்தது யாருன்றேன்!”

பிறகு கல்யாணம். மாப்பிள்ளை ஹேமநாதன், முகப்பேரில் சொந்த ஃபிளாட். தாலி ஏறிய கையோடு ஆதார், பான், கல்லூரிப் பதிவேடு எல்லாவற்றிலும் இனிஷியல் மாறியது. அடுத்து வந்த கட்டுரைகளில் அவள் கிருஷ்ணப்பிரியா ஹேமநாதன். “பாத்திரம் கழுவத் தெரியாதவ ஊர்த் தண்ணியக் கழுவப் போறாளாம்” என்று வந்தவர்கள் முன்னால் கேலி செய்த புண்ணியவான் அவன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பா வீட்டுக்கே திரும்பிவிட்டாள். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வரும்வரை எந்த ஆவணத்திலும் பெயரை மாற்றக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

போன வருடம் கல்லூரி ஒரு புது விதி கொண்டுவந்தது. போதிய மேற்கோள்களும் வெளிநாட்டாரோடு செய்த கூட்டு ஆராய்ச்சியும் இல்லாதவர்களுக்கு வேலை நீட்டிப்பு கிடையாதாம். உண்மையில் எங்கள் துறையிலேயே அவளுக்குத்தான் இரண்டும் அதிகம். ஆனால் கம்ப்யூட்டர் கணக்கில் அவள் இரண்டு ஆட்கள். மேற்கோளும் கொரியாவும் திருவேங்கடத்திடம் இருந்தன. ஹேமநாதனிடம் ஒன்றுமில்லை.

“யாரு மேடம் இந்தத் திருவேங்கடம்? நம்ம ஸ்டாஃப் இல்லியே?” என்று கேட்டார் மதிப்பீட்டுப் பிரிவு ஸ்ரீகாந்த்.

“எங்கப்பா, சார்.”

“அப்போ அவரையே வேலைக்கு வரச் சொல்லுங்க.”

அறையே சிரித்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. “எழுதினது இவதான்னு உங்களுக்கே தெரியும் சார். அப்புறம் எதுக்கு இந்த நையாண்டி?” என்றேன்.

“எனக்குத் தெரியும் மேடம். சிஸ்டத்துக்குத் தெரியணுமே. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக்கி, காலேஜ் ரெக்கார்டுல இருக்கிற பேர்ல போடச் சொல்லுங்க.”

வேலையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. திருவேங்கடத்துக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அதற்கான காப்பீடு அவளுடைய இந்த வேலையோடு சேர்ந்தது.

மறுநாள் என் எதிரிலேயே செய்தாள். இரண்டு பக்கமும் ஒருவருடையதா என்று இணையதளம் கேட்டது. ஆம் என்றாள். எந்தப் பெயர் வேண்டும் என்று கேட்டது. அங்கே விரல் நின்றுவிட்டது.

“கட்டுரை மேல அப்பா பேரு அப்படியேதான்டி இருக்கும். இந்தப் பக்கத்துல மட்டும்தான் மாறும்” என்றேன்.

“அவரு பாக்கிறது இந்தப் பக்கத்த மட்டும்தானேக்கா” என்று சொல்லிவிட்டு ஹேமநாதனை அழுத்தினாள்.

அப்பாவிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்தபடி போனைத் தடவிக்கொண்டிருந்தார். மறுபடி மறுபடி தன் பெயரை அடித்துப் பார்த்தார்.

“பிரியா, என் பேர் இருந்த எடத்துல அந்தாளு எப்படிம்மா வந்தான்?”

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், டயாலிசிஸைத் தவிர. அதை அவரே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன தன் கையையே சற்று நேரம் பார்த்தார்.

“அழாத கண்ணு. வேலையக் காப்பாத்திக்கினியே, அது போதும்” என்றார்.

பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஃபேக்டரில ரிட்டையர் ஆனப்போ ஒரு மாலையாச்சும் போட்டு அனுப்புனாங்கம்மா.”