அலட்சியத்தை எப்படி நடிப்பது

எங்கள் தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரம் வந்தால் நாடகம் உண்டு. வருடா வருடம் ஒரே கதை. ஒரு தொழிலாளி முட்டாள்தனமாக ஏதோ செய்வான், அடிபடுவான், எல்லோரும் சிரிப்பார்கள், கடைசியில் உறுதிமொழி. என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம், இந்த முறை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

ஆபீசில் நான் விபத்து அறிக்கை எழுதுகிற மாதிரியே எழுதிவைத்தேன். காரணம், கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பைக் கழற்றிய அலட்சியம். விளைவு, விரல் போனது. தீர்வு உறுதிமொழி. அதை நாடகம் என்று வேறு நம்பினேன்.

அடிபடும் ஆளாக நடிக்க, போன வருடம் நிஜமாகவே தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் விரலைப் பறிகொடுத்தவரையே பிடித்தார்கள். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மறுக்கவில்லை. கான்ட்ராக்ட் ஆள் எப்படி மறுப்பார்?

"குடும்பத்தோட வரச் சொல்லிக்கிறாங்க மேடம். எம்பொண்ணு முன்னாடி என்னைப் பாத்து சிரிப்பாங்க. அதான் பேஜாரா கீது" என்றார்.

ஒத்திகைக்குத் தனி நேரம் கிடையாது, கம்பெனி பஸ்ஸில்தான். நான் வேப்பம்பட்டிலிருந்து வருவேன், பெரியபாளையத்தில் அவர் ஏறியதும் ஆரம்பிப்போம். ஒருநாள் பாதியில் நிறுத்தினார்.

"இவன் இன்னாத்துக்கு மேடம் மெஷின் தடுப்பைக் கழட்டுறான்?"

"அலட்சியம்."

"அத்த எப்டி நடிக்கிறது? அழுவச் சொன்னா அழுவேன். பசின்னா நடிப்பேன். இது எப்டி?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் நாடகத்தில் யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எதுவும் வேண்டாத ஆளுக்கு எது குறுக்கே நிற்கும்? மோதலே இல்லாமல் ஒரு விரலைத் துண்டாக்கி வைத்திருந்தேன். அன்றைக்கு உங்களுக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழம லீவு. பொண்ணுக்குப் பொறந்த நாளு, பீச்சுக்கு இட்டுக்கினு போறேன்னு சொல்லியிருந்தேன். குடுத்த லாட் சரக்கு முடியலன்னா அன்னிக்கும் வரணும்னாரு சூப்பர்வைசரு. தடுப்பு இருந்தா லேட்டாவும், கழட்டிட்டு ஓட்டுன்னாரு."

அன்று மதியமே சூப்பர்வைசரையும் பாத்திரமாக்கி மாற்றி எழுதினேன். ஹெச்.ஆர். அதிகாரி படித்துவிட்டு அந்தப் பாத்திரத்தை அடித்தார். "ரெண்டு பேர் போதும் மேடம். சிம்பிளா இருக்கட்டும்." அந்த ரெண்டு பேர், விரலை இழந்தவரும், காப்பாற்ற ஓடிவரும் நானும். சண்டை போட்டேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

நாடகம் கேன்டீனில். முன்வரிசையில் நடிக்கிறவரின் மனைவி, மகள். அதே வரிசையில் நிஜ சூப்பர்வைசர். ஒரு மேசைதான் மெஷின். கூட்டம் சிரிக்கத் தயாராக இருந்தது. அவர் அந்த மேசையில் இரண்டு பீஸ் அடிப்பதுபோல் தட்டினார், பிறகு நிமிர்ந்து, மேடையில் யாருமே இல்லாத மூலையைப் பார்த்துக் கைகட்டி நின்றார்.

"முடிச்சிட்டா ஞாயித்துக்கிழம லீவு குடுப்பீங்கல்ல சார்?"

பதிலைக் கேட்டுக்கொள்வதுபோல் தலையாட்டினார்.

"செரி சார். கழட்டிட்டேன் சார்."

நான் எழுதியதில் இது இல்லை. யாரும் சிரிக்கவில்லை. ஓடிப்போய்க் காப்பாற்ற வேண்டிய நான் உறுதிமொழித் தாளோடு நின்ற இடத்திலேயே நின்றேன். அடுத்த மாதம் அவருடைய கான்ட்ராக்ட்டைக் கம்பெனி புதுப்பிக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

"யாரும்மா அந்த சாரு?" என்று மகள் கேட்டது கேன்டீன் முழுக்கக் கேட்டது.

அவரோடு வேலை செய்யும் பிரஸ் ஷாப் ஆட்கள் எல்லோரும் முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.