அண்ணனின் கறுப்புத் திரை

அண்ணனின் கைப்பேசித் திரை எப்போதும் கறுப்பாகவே இருக்கும். ஹாலிஎல பஸ்ஸில் அவர் அதைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்ப்பவர்கள், "பாவம், சார்ஜ் இல்ல போல" என்று முணுமுணுப்பார்கள். அண்ணனுக்குச் சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. பதுளையில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்துப் பேசும் வேலை அவருக்கு. அந்தத் தொலைபேசி வழியாகத்தான் லுணுகலையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் அவர் வாழ்க்கைக்குள் வந்தது.

பிறகு வீட்டிலிருந்தும் பேச ஆசைப்பட்டார்கள். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் ஒட்டியிருக்கும் தோட்டத்து லயத்தில் ஒருவர் பேசினால் கடைசிக் காம்பராவரை கேட்கும். அவளும் லயத்தில்தான் இருந்தாள். அதனால் மாலையில் குறுஞ்செய்திதான். அதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டும் பெரிய உத்தியோகம் தங்கையான எனக்கு. நான்தான் வாசிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே "சாப்பிட்டீங்களா", "அங்க மழையா" என்பதற்கு மேல் எதுவும் வராது. இதற்குள் அவள் வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். "கேக்க வேண்டியத உன்ன நடுவுல வச்சுக்கிட்டு எப்படி கேப்பேன் தங்கச்சி?" என்று அண்ணன் ஒருநாள் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது இரண்டு பெரிய கம்பனிகளுக்குள் கடும் போட்டி. இனி மேசைக் கணினி எதற்கு, எல்லாம் உள்ளங்கையில்தான் என்று இரண்டுமே சொல்லின. யாருடைய பொருள் அந்த உள்ளங்கையில் இருப்பது என்பதில்தான் சண்டை. புதுக் கைப்பேசி வாங்கப் போன பதுளைக் கடையில் இரண்டு கம்பனிகளின் விற்பனையாளர்களும் எங்களை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒருவர் திரையின் பளபளப்பைப் புகழ, மற்றவர் கமராவைப் புகழ்ந்தார். அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸ்கிரீன அணைச்சிட்டா இது தமிழ் வாசிக்குமா தம்பி?" என்றார். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு கைப்பேசிகளைக் குடைந்தார்கள்.

முதலாமவருடையது ஆங்கிலத்தை அழகாக வாசித்தது, தமிழைக் கண்டதும் ஊமையானது. "அடுத்த அப்டேட்ல வந்துரும் அண்ணே, அவங்ககிட்ட இருந்தா நாங்க சும்மா விடுவோமா?" என்று சமாளித்தார். மற்றவருடையது பெண் குரலில் பேசியது. கொஞ்சம் மூக்கால்தான், ஆனாலும் தமிழ். அண்ணன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கடலுக்கு அப்பால் எங்கோ, ஒருவரை ஒருவர் முந்தத் துடித்த யாரோ சிலர், அண்ணனை அறியாமலே அவருக்காக வேலை செய்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருந்தது. "இவங்க சண்ட ஓயவே கூடாது தங்கச்சி" என்று அதை வாங்கிக்கொண்டு வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார் அண்ணன்.

அடுத்த கணினி மூக்குக்கண்ணாடியா, கைக்கடிகாரமா என்று இன்று அதே கம்பனிகள் மோதிக்கொள்கின்றன. அந்தச் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைப்பேசி வாங்கிய பிறகு வந்த ஒரு மாலைதான் ஞாபகம் வரும். அதற்குள் என் உத்தியோகம் போய்விட்டிருந்தது. வாசிக்கும் குரலின் வேகத்தை அண்ணன் நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போயிருந்தார். அன்று வாசற்படியில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தவரின் முகம் திடீரென்று மலர்ந்தது, கன்னத்தில் நீர் வழிந்தது.

"லுணுகலை என்ன சொல்லுது?" என்று நச்சரித்தேன். மறைப்பார் என்று பார்த்தால், ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்து, "நீயே கேளு" என்றார். கொதிக்கிற எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரே படபடப்பு. நான் பேசும் அதே தமிழ்தான், ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அண்ணன் மட்டும் அத்தனையையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"வெளங்குச்சா?" என்றார்.

"இல்லண்ணே."

இயர்போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அப்பாவிடம், "நாளைக்கே லுணுகலைக்குப் போயி பொண்ணு கேளுங்க" என்று அவர் சொன்னது கடைசிக் காம்பராவரை கேட்டிருக்கும்.