தாட்சாயினி வாங்கின கற்பூரச் சத்தியம்

எங்கட ஜெயபுரத்தில இப்ப ஆரிட்டையாவது தாட்சாயினி எண்டு பேரைச் சொல்லிப் பாருங்கோ. பாதிப்பேர் வாயைச் சுழிப்பினம். மிச்சப் பாதி, "பாவம், அந்தப் பிள்ளையைக் கெடுத்துப்போட்டாள்" எண்டு பெருமூச்சு விடும். எனக்கு இரண்டு கூட்டத்தையும் கண்ணில காட்டக்கூடாது. அவள் என்ர மனுசன் கனகலிங்கத்தின்ர தங்கச்சி, எனக்கு மச்சாள். ஒரே வளவுக்குள்ளதான் இருக்கிறம். அவள் எங்க சரியாச் செய்தாள், எங்க பிழைச்சாள் எண்டு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்த ஊரில ஒருத்தருக்கும் தெரியாது. அதால நான் சொல்லுறன், கேளுங்கோ.

அவளுக்கு இப்ப முப்பது தாண்டிட்டுது. கிளிநொச்சியில ஒரு சின்ன நிறுவனத்தில வேலை. ஞாயிற்றுக்கிழமையில எங்கட பொதுநோக்கு மண்டபத்தில பிள்ளையளுக்கு வகுப்பு எடுப்பாள். கணக்குமில்லை, இங்கிலீசுமில்லை. போன்! "பெடியள் உதைத்தானே இருபத்திநாலு மணித்தியாலமும் நோண்டுறாங்கள், உதுக்கொரு வகுப்போ?" எண்டு நானே நக்கலடிச்சனான். பிறகு தேத்தண்ணி குடுக்கப் போற சாட்டில பின்னால நிண்டு கேட்டால், விசயம் வேற. கடவுச்சொல்லைக் கூட்டாளிக்கும் சொல்லக்கூடாது, ஆராவது படம் கேட்டு வெருட்டினால் அதை அழிக்காமல் வைச்சுக்கொண்டு வீட்டில சொல்லவேணும் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுவாள். எல்லாத்தையும்விட ஒண்டைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவாள்: "உங்கட முகம் உங்கட. ஆரும் படம் எடுக்க முதல் உங்களைக் கேக்கவேணும். எங்க போடுவியள், ஆர் பாப்பினம், எடுத்துவிடச் சொன்னால் எடுப்பியளோ எண்டு நீங்களும் திருப்பிக் கேளுங்கோ."

எங்கட பிள்ளையளோ பெரியாக்களிட்டக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாததுகள். முதல் கிழமை ஒண்டுக்கும் வாய் திறபடேல்லை. இவள் ஒவ்வொருத்தரா எழுப்பி நிப்பாட்டி, தானே படம் எடுக்க வாற ஆள் மாதிரி நடிச்சு, கேக்க வைச்சாள். சிரிப்பும் கும்மாளமுமாத்தான் இருக்கும்.

ஏன் இவளுக்கு உந்தப் படத்தில இவ்வளவு கோவம் எண்டு ஒருக்காக் கேட்டனான். சண்டை முடிஞ்ச வருசம் செட்டிகுளம் அகதி முகாமில இவள் சாப்பாட்டு வரிசையில கோப்பையோட நிக்கேக்க ஆரோ ஒருத்தர் படம் எடுத்திருக்கிறார். கன வருசத்துக்குப் பிறகு வேலை கேட்டு ஒரு கந்தோருக்குப் போனால், அந்தப் படம் பெரிசா சுவரில தொங்குதாம். பதினாறு வயசு, தலை சீவேல்லை, சட்டை கிழிஞ்சு கிடக்கு. "அதுக்குக் கீழ இருந்துதான் மச்சாள் என்னைக் கேள்வி கேட்டவை. ஒருத்தருக்கும் அது நான் எண்டு தெரியேல்லை" எண்டாள். எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது.

சரி, விசயத்துக்கு வாறன்.

அவளின்ர வகுப்பில யதுர்ஷிகா எண்டு ஒரு பிள்ளை. பத்தாம் வகுப்பு. தாய் இல்லை. தகப்பன் பரமலிங்கம் ஒரு கால் இல்லாத மனுசன். பொய்க்காலோட றோட்டுக்கரையில சைக்கிள் ஒட்டுப்போடுற வேலை. வீட்டுத்திட்டத்தில சுவர் மட்டும் எழும்பி, கூரை இல்லாமல் நிண்டுபோன வீடு. மேல தறப்பாள்தான். போன மாரிக்குப் பிள்ளையின்ர புத்தகம் எல்லாம் ஊறி, வெயிலில காயப்போட்டதை ஊரே பாத்தது. பாத்தது மட்டும்தான்.

அந்த வீட்டுக்குத்தான் சுகிர்தன் வந்தான். அவனும் எங்கட பக்கத்துப் பெடியன்தான். யூரியூப்பில உதவி வீடியோ போடுறவன். உங்களுக்குத் தெரியும்தானே, கஸ்டப்பட்ட வீட்டுக்குப் போய், நிலமையைக் கேட்டு வீடியோவாப் போட்டால், வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் பாத்திட்டு உதவி அனுப்பும். கிணறு வந்த வீடு இருக்கு, தையல் மெசின் வந்த வீடு இருக்கு. அவனைக் குறை சொல்ல ஏலாது. சுவிஸில ஒருத்தர் தாயின்ர ஆட்டைத் திவசத்துக்கு ஒரு வீட்டுக்குக் கூரை போட்டுக் குடுக்கப்போறாராம், பரமலிங்கத்தாரின்ர வீட்டைக் காட்டலாம் எண்டு வந்தவன். நானும் வேடிக்கை பாக்கப் போனனான்.

மைக்கைப் பிள்ளையின்ர சட்டையில கொழுவிப்போட்டு, "தங்கச்சி, மழை பெய்தால் எங்க படுப்பீங்கள்? அம்மாவை நினைக்கிறனீங்களோ?" எண்டு தொடங்கினான். யதுர்ஷிகா மைக்கைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு கேட்டாள்: "அண்ணை, இதை எங்க போடுவீங்கள்? நான் பிறகு எடுக்கச் சொன்னால் எடுப்பீங்களோ?"

அவனுக்கு முகம் மாறிட்டுது. "உதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

"தாட்சாயினி அக்கா. அண்ணை, எனக்கு விருப்பமில்லை. நான் மாட்டன். அப்பாவை எடுங்கோ."

"அப்பாவை எடுத்தால் ஆரும் பாக்காயினம் தங்கச்சி" எண்டான். கோவமாகூடச் சொல்லேல்லை. அவன் கண்ட உலகத்தைச் சொன்னான். "சரி, விருப்பமில்லாட்டி விடுங்கோ" எண்டு மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டான்.

பின்னேரம் வீட்டில வந்து சொன்னன். தாட்சாயினி குசினிக்குள்ள நிண்டு குழந்தைப்பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினாள். "கேட்டாளே மச்சாள்? மெய்யாக் கேட்டாளே?" அவளை அப்பிடிச் சந்தோசமா நான் அதுக்கு முதல் கண்டதில்லை.

ஊர் விட்டுதே? "வாய்காட்டப் பழக்கிவிட்டாள், வந்த கூரை கைவிட்டுப் போச்சு" எண்டு கடையடி முழுக்க இதே கதை. மாதர் சங்கக் கூட்டத்தில ஒருத்தி என்ர முகத்துக்கு நேரயே கேட்டாள், "உங்கட மச்சாள் கூரை போட்டுக் குடுப்பாவோ?" எண்டு. "நீ போட்டுக் குடன், மேசன்ர பெண்சாதிதானே நீ" எண்டு நல்லாக் குடுத்துப்போட்டு வந்தன். ஆனால் அடுத்த ஞாயிறு மண்டபத்துக்கு வந்த பிள்ளையள் ஒரு கை விரலுக்குள்ள அடங்கிப்போச்சு.

ஊர் கத்தினதுக்கு இவள் அசையேல்லை. அசைச்சது பரமலிங்கத்தார்தான். ஒருநாள் எங்கட படலையடிக்கு வந்தார். கதிரை போட்டுக் குடுத்தன். தேத்தண்ணியை வாங்கிக் கையில வைச்சுக்கொண்டிருந்தார். பிறகு, "தங்கச்சி, நீங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது சரி. நான் பிழை சொல்லேல்லை. ஆனால் மழை வருதே" எண்டார். அவ்வளவுதான். தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பிப் போனார்.

அதுக்குப் பிறகு இவள் கூரைக்கு உதவி தேட வெளிக்கிட்டாள். கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினாள். ஒரு இடத்திலயும் சரிவரேல்லை. கடைசியில சுகிர்தனுக்குப் போன் அடிச்சு, முகத்தை மறைச்சு வீடியோ போடலாமோ எண்டு கேட்டாள். அவன், "ஏன் ஏலாது, எடுத்திட்டுப் பிறகு மறைக்கலாம்" எண்டான். பிள்ளையிட்டப் போனாள். பிள்ளை அப்பவும் மாட்டன் எண்டுதான் சொன்னது. இவள் பக்கத்தில இருந்து, தலையைத் தடவி, "முகம் தெரியாது பிள்ளை. அப்பாவை நினைச்சுப் பார். நான் பொறுப்பு" எண்டு சொல்லச் சொல்ல, அது நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தது. பிறகு தலையை ஆட்டினது.

இப்ப நான் சொல்லப்போறதுதான் அவளின்ர பிழை. வகுப்பில பிள்ளையளுக்கு, எதெண்டாலும் எழுதி வாங்குங்கோ, மறைக்க முதல் எடுத்த ஒறிஜினலை அழிக்கச் சொல்லிக் கண்ணால பாருங்கோ எண்டு படிப்பிக்கிறவள், தான் என்ன செய்தாள் தெரியுமே? சுகிர்தனைப் பிள்ளையார் கோயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கற்பூரம் கொளுத்தினாள். "இந்தப் பிள்ளையின்ர முகத்தை நான் போடமாட்டன்" எண்டு அவன் கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணினான். எங்கட ஊரில காணிச் சண்டையே அதோட முடியிறது. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்டால் அந்த மனுசனை அவமதிச்ச மாதிரி.

வீடியோ எடுக்கேக்கையும் இவள் பக்கத்திலதான் நிண்டவள். கமராவில முகம் முழுசா விழுகுது. பின்னால நிண்டு எடு எண்டு சொல்ல வாய் உன்னினதாம். கற்பூரம் அணைச்சவனிட்டத் திரும்பவும் எப்பிடிக் கேக்கிறது எண்டு விட்டிட்டாளாம். அவன் தாயைப் பற்றிக் கேக்க, பிள்ளை குலுங்கிக் குலுங்கி அழுதது.

கூரை வந்தது. மழைக்கு முதலே ஓடு போட்டு முடிஞ்சுது. வாயைச் சுழிச்ச சனமே, "பாருங்கோ, முகத்தையும் காட்டாமல் காரியத்தையும் முடிச்சிட்டாள்" எண்டு சொல்லிச்சினம். சுகிர்தனும் சொன்ன சொல் தப்பேல்லை. அவன்ர வீடியோவில பிள்ளையின்ர முகம் பனிப்புகார் மூடின மாதிரித்தான் கிடந்தது.

பிறகுதான் அந்தக் கோதாரி வந்தது. சுவிஸ்காரர் தாயின்ர திவசத்தண்டு பேஸ்புக்கில பதிவு போட்டார். தாயின்ர படம், அதுக்குக் கீழ "அன்னையின் நினைவாக", அதுக்கும் கீழ யதுர்ஷிகா அழுகிற வீடியோ. முகம் பளிச்செண்டு.

தாட்சாயினி சுகிர்தனுக்கு அடிச்சு, கத்தின கத்தில எங்கட நாய் எழும்பி ஓடினது. அவன் அழாக்குறையாச் சொன்னான்: "அக்கா, பிள்ளையாராணை நான் போடேல்லை. ஆருக்குக் குடுக்கிறம் எண்டு பாக்கவேணும், முழுசா அனுப்பு எண்டு அவர் கேட்டவர். குடுக்கிறவருக்குக் காட்டாமல் விட ஏலுமோ?" சத்தியம் பண்ணினது அவன் ஒருத்தன்தானே. சுவிஸ்காரர் என்னத்தைக் கண்டார்? அவருக்கும் அடிச்சாள். மனுசன் முதல் மனம் நொந்து, "நான் அம்மாவின்ர ஆத்மாவுக்கெண்டல்லோ போட்டனான் தங்கச்சி" எண்டார். பிறகு அண்டைக்கே எடுத்துவிட்டார். நல்ல மனுசன்தான். ஆனால் அதுக்குள்ள அது எங்கையெங்கையோ போயிட்டுது.

பள்ளிக்கூடத்துப் பெடியள் அந்த அழுகிற முகத்தை வெட்டி வட்ஸ்அப் ஸ்ரிக்கர் ஆக்கிப்போட்டாங்கள். கீழ எழுத்து: "ஒரு ஓடு தாங்கோ அண்ணை." நாசமாப்போவாங்கள்! வீட்டுப்பாடம் கூடிப்போச்சு எண்டாலும் அந்த ஸ்ரிக்கர், பந்தடியில தோத்தாலும் அந்த ஸ்ரிக்கர். இவள் போய் அதிபரிட்டச் சொல்ல, அவர் காலமைக் கூட்டத்தில எல்லாருக்கும் நடுவில கண்டிச்சார். அதோட, அதுவரைக்கும் காணாததுகளும் தேடிப் பாத்தாச்சு.

ஒருநாள் எங்கட குடும்பக் குறூப்பில, தேங்காய் விக்கிற விலைக்குச் சம்பலும் இல்லை எண்டு நான் எழுதினன். கனடாவில இருக்கிற என்ர தம்பி பதிலுக்கு அந்த முகத்தைப் போட்டான். அவனுக்கு அது ஆர் எண்டே தெரியாது. வேலையிடத்தில ஆரோ அனுப்பினதாம். "அது எங்கட யதுர்ஷிகாடா விசரா!" எண்டு குரல் பதிவு போட்டுப்போட்டு, குசினிக்குள்ள போய் இருந்து அழுதனான். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், அப்பிடி அழுதனான்.

யதுர்ஷிகா பள்ளிக்கூடம் போறதை நிப்பாட்டிப்போட்டாள். அடுத்த வருசம் சாதாரணதரச் சோதினை. கெட்டிக்காரப் பிள்ளை. தகப்பன் கெஞ்சியும் போகேல்லை. தாட்சாயினி அந்தப் பெடியளின்ர வீடு வீடாப் போய்த் தாய்தகப்பனோட கதைச்சு, போனுகளில இருந்ததை அழிப்பிச்சாள். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு பிள்ளையைப் பாக்கப் போனாள்.

புது ஓட்டுக்குக் கீழ, நிலத்தில இருந்து பிள்ளை தகப்பனுக்குப் பதிலா ஒரு ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டு எழும்பி, கதிரையைத் துடைச்சு வைச்சது. தாட்சாயினி கதிரையில இருக்கேல்லை. அதுக்குப் பக்கத்தில நிலத்திலயே இருந்தாள்.

"அவங்கள்தான் பிள்ளை பிழை செய்தவங்கள். வெக்கப்படவேண்டியது அவங்கள், நீயில்லை. நாளைக்கு நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போறன். வகுப்புக்குள்ள வந்து பின்னால இருக்கிறன். ஒருத்தன் வாய் திறக்கட்டும் பாப்பம்" எண்டாள்.

பிள்ளை எல்லாத்தையும் கேட்டது. கோவிக்கேல்லை, அழேல்லை. கையில இருந்த பசையை விரலால உருட்டிக்கொண்டு சொன்னது: "அக்கா, நீங்கள் சொல்லித் தந்ததைத்தான் நான் செய்தனான். சுகிர்தன் அண்ணையிட்டயும் மாட்டன் எண்டனான். உங்களிட்டயும் மாட்டன் எண்டனான். அவர் உடன விட்டிட்டுப் போயிட்டார். நீங்கள்தான் விடேல்லை."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உன்ர தலைக்கு மேல கிடக்கிற ஓடு ஆரால வந்தது எண்டு கேக்க வாயைத் திறந்திட்டன். தாட்சாயினி என்ர கையைப் பிடிச்சு அமத்தினாள்.

"ஓம் பிள்ளை" எண்டாள். "நான்தான் விடேல்லை."

யதுர்ஷிகா தலையை ஆட்டினாள். பிறகு ரியூப்பை எடுத்து, சட்டித் தண்ணிக்குள்ள அமத்திப் பிடிச்சு, காத்துப் போகுதோ எண்டு பாக்கத் தொடங்கினாள். அடுத்த நாளும் அவள் பள்ளிக்கூடம் போகேல்லை.