கம்பியில் தெரியாத ஒயில்

எங்கள் லொறி எஞ்சினின் கிராங் தண்டைத் தேயத் தேய மூன்று முறை பட்டறையில் கடைந்தாகிவிட்டது. நான்காவது முறை கடைய அதில் இரும்பு மிச்சமில்லை. மூன்றாம் முறை கடைந்து வந்த அன்று, அக்குறணைப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸ் அதை மேசையில் கிடத்தித் துணியால் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"சேர், இனி இது தேஞ்சா பழைய இரும்புக்குத்தான் போடோணும். கவனம்."

லொறி என் மனைவியின் தம்பியுடையது. தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுவருவான். பத்தொன்பது வருடம் பிறருடைய லொறிகளை ஓட்டியவன், இப்போதுதான் சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறான். இந்த எஞ்சின் போனால் மறுபடியும் யாரோ ஒருவருடைய சாவிக்குக் காத்து நிற்க வேண்டும். நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு வாசலில்தான் லொறி நிற்கும். ஓட்டுவது அவன், கவலைப்படுவது நான்.

என் கவலை ஒயிலைப் பற்றியது. ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு முறை தவறாமல் மாற்றினோம். ஆனால் புது ஒயில் ஊற்றிய இரண்டாம் நாளே தார் போலக் கறுத்துவிடும். "டீசல் எஞ்சின்னா அப்படித்தான்" என்பார்கள். அப்படியானால் மீதி நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றரும் அந்தக் கரிதானே தண்டைச் சுற்றி ஓடுகிறது? அதைக் கேட்டால் எவரும் பதில் சொல்வதில்லை.

பாஸ்தான் ஒரு நாள் பதில் கொண்டுவந்தார். ஜப்பானிலிருந்து வந்த பழைய லொறி ஒன்றிலிருந்து கழற்றிய இரும்புக் குவளை அது. உள்ளே இறுக்கமாகச் சுற்றிய கடதாசி உருளை.

"பைபாஸ் ஃபில்டர் சேர். மத்த ஃபில்டர் இருந்த எடத்திலயே ஈக்கும். இது மேலதிகமா."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வழக்கமான வடிகட்டிக்குள் ஒயில் முழுவதும் வேகமாகப் போய்வர வேண்டும். அதனால் அதன் துளைகளைப் பெரிதாக வைத்தாக வேண்டும், நுண்ணிய கரி தப்பிவிடும். இதிலோ ஒயிலில் ஒரு சிறு பங்கு மட்டும் பக்கவழியாகப் பிரிந்து, அடர்ந்த கடதாசிக்குள் மெதுவாக ஊறி, சுத்தமாகித் தொட்டிக்குத் திரும்புகிறது. எஞ்சின் ஓட ஓட ஒயில் குளித்துக்கொண்டே இருக்கும்! அன்று இரவு சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மச்சினன் உருளையைக் கையில் எடுத்துப் பார்த்தான். "மச்சான், இது கக்கூஸ் பேப்பர்."

"இல்ல மாப்ள, பருத்தியும் சேந்தது."

"எஞ்சினுக்கு வயித்தால போகுதுன்னு ஊரு சிரிக்கப் போகுது."

இருந்தாலும் பூட்டச் சம்மதித்தான். புதிதாக நான்கு குழாய்ப் பொருத்துகள் வந்தன. புது ஒயில் தொட்டிக்கு எட்டு லீற்றர், உருளை குடிப்பதற்கு ஒன்றேகால் லீற்றர். நான்கு பொருத்துகளையும் நானே விரலால் தடவிப் பார்த்தேன். தினமும் அளவு பார்ப்பது அவன் வேலை என்றும், வாரம் ஒரு துளி எனக்குக் கொண்டுவருவது என்றும் பேசிக்கொண்டோம்.

அந்தத் துளியை வெள்ளை வடிதாளில் விடுவேன். அது பரவி நின்றதும் அடிமட்டத்தால் வட்டத்தை அளப்பேன். அழுக்கு ஒயிலென்றால் நடுவில் கரி குவிந்து கறுப்புப் பொட்டு விழும். முதல் வாரம் பொட்டு இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. ஆறாம் வாரம் வந்த துளி பால் விடாத பிளேன்டீ நிறத்தில் பரவியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தேத்தண்ணியே ஆறிப் போச்சு, இதப் போயி பாக்கச் சொல்றீங்க" என்றாள். எனக்கோ துள்ள வேண்டும் போலிருந்தது. எழுபத்தொரு வயதில் துள்ளக்கூடாது என்பதால் இருமுறை எழுந்து இருமுறை உட்கார்ந்தேன்.

பூட்டி மூவாயிரத்து நூற்றுப் பத்துக் கிலோமீற்றர் ஆன ஞாயிறு காலை, மச்சினன் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தான். அளவையும் நானே பார்க்கலாமென்று அளவுக் கம்பியை உருவினேன். துடைத்தேன், செருகினேன், மறுபடி உருவினேன். கம்பியில் ஒன்றுமில்லை. கறுப்புக் கோடு எந்த உயரத்திலும் இல்லை. ஏழு முறை பார்த்தேன். ஏழு முறையும் வெறுங்கம்பி.

உதவிக்கு வைத்திருந்த ஒயில் கேனைத் திறந்து, அளவு போட்ட போத்தலால் ஒரு லீற்றர் ஊற்றினேன். பார்த்தேன், ஒன்றுமில்லை. இன்னும் அரை லீற்றர் போனபோது மச்சினன் ஈரத் தலையோடு ஓடிவந்தான்.

"மச்சான், என்னத்த ஊத்துறீங்க?"

"ஒயில் இல்ல மாப்ள! ஒரு சொட்டு இல்ல!"

அவன் லொறிக்குக் கீழே புகுந்தான். நிலம் காய்ந்திருந்தது. நான்கு பொருத்துகளும் காய்ந்திருந்தன. வெளியே வந்தவன் முகத்தைத் துடைக்கவில்லை.

"நேத்துக் காலைல பாக்கும்போது இருந்திச்சே. கீழ ஒழுகல்லன்னா எரிஞ்சு போயிருக்கு. நேத்து அவ்வளவு தூரமும் ஒயில் இல்லாமலா வந்தேன்?"

முன் பம்பரில் உட்கார்ந்துவிட்டான். நான் பாஸுக்குப் போன் எடுத்தேன். மோட்டார் சைக்கிளில் அவர் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் மச்சினன் ஒரே ஒரு வசனம்தான் பேசினான்: "பழைய மொதலாளி இன்னும் ஆள் தேடுறாரு."

பாஸ் கம்பியை உருவினார். என் பையிலிருந்த வடிதாளை வாங்கி, அதன்மேல் கம்பியைச் சாய்த்து வைத்து வெயில் பக்கம் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சேர், எவ்வளவு ஊத்தின?"

"ஒன்றரை லீற்றர்."

"அல்லாஹ்வே! ஒயில் மேல் கோட்டையும் தாண்டி நிக்கிது. இங்க பாருங்க."

வடிதாளில் கம்பியின் நிழல் போல ஒரு ஈரப் பட்டை ஏறியிருந்தது. கம்பியைத் திருப்பியபோது மினுங்கியது. ஒயில் அவ்வளவு தெளிவாக இருந்ததால் கம்பியோடு கம்பியாகக் கலந்துவிட்டிருக்கிறது.

"ஒங்கட கண்ணுல பிழ இல்ல சேர். காலமெல்லாம் கறுப்புக் கோடு தேடிப் பழகிட்டம். சுத்தமான ஒயில நாங்க எப்ப பாத்த?"

"அப்ப எஞ்சின்?" என்றான் மச்சினன்.

"எஞ்சினுக்கு ஒண்டுமில்ல. ஒங்கட மச்சான்தான் மூழ்கடிக்கப் பாத்தாரு. இத இப்படியே ஓட்டினா தண்டு அடிச்சு நொரையாக்கிரும்."

மச்சினன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் பாதி வழியிலேயே சிரிப்பாக மாறியது. "நான் தெனம் கம்பிய வெளிச்சத்துக்குச் சாச்சுத்தானே பாக்குறேன். ஒரு வார்த்த கேக்கக் கூடாதா மச்சான்?" என்றான். ஒன்றரை லீற்றரையும் வடித்தோம். பாஸ் கம்பியின் முனையை அரத்தால் இலேசாகச் சொரசொரப்பாக்கினார். இனி தெளிந்த ஒயிலும் அதில் பிடித்து நிற்கும்.

ஐயாயிரம் நெருங்கியதும் மச்சினன் சொன்னான்: "உருளைய மட்டும் மாத்துவோம். ஒயில் இருக்கட்டும்."

"மாத்திருவோமே மாப்ள. எதுக்கு வம்பு?"

"கண்ணால கண்டும் நம்பலன்னா எதுக்கு அந்தக் கடதாசியெல்லாம் வச்சு அளந்தீங்க?"

கடைசியில் ஏழாயிரத்து ஐநூறில் ஒயில் மாற்றுவதென்று இருவரும் ஒத்துக்கொண்டோம். ஐயாயிரமாவது கிலோமீற்றர் விழும் நாளில் நானும் கூட ஏறினேன். மாத்தளை தாண்டித் தம்புள்ளைப் பக்கம் போகையில் கடைசி நாற்பது கிலோமீற்றரையும் சத்தமாக எண்ணினேன். ஒயில் அழுத்த முள் இருந்த இடத்தில் இருந்தது. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

"மச்சான், மெதுவா எண்ணுங்க. லொறி பயப்படுது."

இலக்கம் மாறியது. மச்சினன் மூன்று முறை ஹோர்ன் அடித்தான். முன்னால் போன பஸ்காரர் தனக்கென்று நினைத்து ஓரம் ஒதுங்கினார். வழி கிடைத்த சந்தோஷத்தில் எங்கள் எஞ்சின் முழு மூச்சில் அவரைத் தாண்டியது. நான் ஐயாயிரத்து ஒன்றை எண்ணத் தொடங்கினேன்.