பாவம் பார்த்த பாவம்

மறைக்கல்வி படிப்பிப்பவர்களுக்கு மோட்சத்தில் தனிக் கதிரை போட்டிருக்கிறதாம். ஞாயிறு முழுக்க நின்றே பழகிய எங்களுக்கு அதில் இருக்க வருமோ என்பதுதான் என் சந்தேகம். பூசை முடிந்து பசியோடு நிற்கும் பிள்ளைகளை மண்டபத்தில் அடைத்துவைத்து, இரக்கத்தைப் பற்றிப் பேசிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும். மற்றவர்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

ஊர்காவற்றுறைப் பக்கம் எங்கள் ஊர். எனக்குக் கிடைத்தது முதல்நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளின் வகுப்பு. முக்கால்வாசியும் கடல்தொழில் செய்பவர்களின் பிள்ளைகள் என்பதால், ரகசியம் சொன்னாலும் அடுத்த படகுக்குக் கேட்கும்.

கூரை

முடக்குவாதக்காரரை நான்கு பேர் தூக்கிவந்து, சனநெரிசலில் வாசலால் நுழைய ஏலாமல், கூரையைப் பிரித்து யேசுவுக்கு முன்னால் இறக்கிய கதையைச் சொன்னேன். படம்கூடக் கீறிக்கொண்டு போயிருந்தேன். "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்று யேசு சொன்ன இடம் வந்ததும் நிறுத்தி, "பாவம் எண்டால் என்ன, ஆர் சொல்லுவியள்?" என்று கேட்டேன். அவ்வளவு நேரமும் படத்தில் இருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்த ஜெரோம் கையை உயர்த்தினான்.

"வீட்டுக்காரர்தான் பாவம், ரீச்சர். மழை வந்தால் அதுகள் எங்க படுக்கிறது?"

சமாரியர்

நல்ல சமாரியர் கதையை நாடகமாகப் போட்டோம். எல்லோருக்கும் கள்வராக நடிக்கத்தான் ஆசை. அடிபட்டுக் கிடக்க ஒருவரும் இல்லை. கடைசியில் நானே நிலத்தில் கிடந்தேன். குருவும் லேவியரும் என்னைத் தாண்டிப் போகவேண்டும். லேவியர் மிதித்துக்கொண்டு போனார். எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு, "யூதருக்கும் சமாரியருக்கும் கதைபேச்சு இல்லை. அப்பிடியிருந்தும் இவர் அடிபட்ட யூதருக்கு இரங்கினவர்" என்று விளங்கப்படுத்தினேன்.

டிலானி எழும்பினாள். வகுப்பிலேயே பெரிய குரல் அவளுடையது. அவளுடைய அப்பா அன்ரனும் பெரியப்பா சூசையும் ஒருகாலத்தில் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். தனித்தனியாகப் பிரிந்த பிறகு ஒருநாள் சூசையின் படகு அன்ரனின் வலையை அறுத்துப்போட்டது. அன்றிலிருந்து கோயிலில் ஒருவர் வலப்பக்கம், மற்றவர் இடப்பக்கம். ஞானஸ்நானத்தில் டிலானியை ஏந்திய ஞானத்தகப்பனும் சூசைதான். முதல்நன்மை அன்று அவர் தன் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவர் வந்தால் தான் வரமாட்டேன் என்று அன்ரன் சொல்லிவிட்டார். இவ்வளவும் எனக்குத் தெரியும். 

"ஏன் ரீச்சர், யூதரின்ர வலையைச் சமாரியர் அறுத்தவையோ?"

கையும் காலும்

அந்த நேரம் பார்த்து சூசை இறங்குதுறையில் வழுக்கி விழுந்து, முறிந்த காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். நோயாளிகளைச் சந்திக்கவேண்டும் என்று படிப்பித்தால் மட்டும் போதுமா? வகுப்பையே கூட்டிப்போனேன். கைவைத்துச் செபிக்கலாம் என்று நான் சொன்னதுதான் தாமதம், அத்தனை கையும் அந்தக் கால்மேல் விழுந்தது. கட்டுக் காய்ந்துவிட்டதா என்று ஜெரோம் தட்டியும் பார்த்தான். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொன்னார்.

டிலானி மட்டும் ஒழுங்கையில் நின்றாள். பெரியப்பாவின் வளவுக்குள் கால் வைக்கக்கூடாது என்பது அன்ரனின் கட்டளை. கால்தானே வைக்கக்கூடாது? வேலிக்கு வெளியே நின்று பரலோக மந்திரத்தை எடுத்து விளாசினாள். அக்கம்பக்கத்து நாய்களெல்லாம் குரைத்தன. சூசை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி நின்றேன். பிறகு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ரீச்சர், அவவைக் கொஞ்சம் மெல்லமாச் செபிக்கச் சொல்லுங்கோ. கடலுக்கு அங்கால காரைநகரில படுத்திருக்கிற வருத்தக்காரரும் எழும்பப்போகினம்."

பாவசங்கீர்த்தனம்

முதல்நன்மைக்கு முன்னர் முதல் பாவசங்கீர்த்தனம். "செய்த பாவமெல்லாம் சுவாமியாரிட்ட ஒளிக்காமல் சொல்லவேணும், ஆனால் மெல்லமாச் சொல்லவேணும்" என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. "பாவம் பார்த்ததும் சொல்லவேணுமோ, ரீச்சர்?" என்று டிலானி வந்து கேட்டபோது, நான் ஜெரோமின் வாயிலிருந்து மெழுகுதிரியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். "எல்லாப் பாவமும்தான், போம்" என்று அனுப்பிவிட்டேன்.

பெற்றோரும் அன்று வரிசையில் நின்றார்கள். டிலானிக்குப் பின்னால் அன்ரன். பிள்ளை நான் சொன்னபடி மெல்லமாகத்தான் தொடங்கினாள். சுவாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்ன?" என்று கேட்டிருக்கவேண்டும். அதற்குப் பிறகு கோயில் முழுக்கக் கேட்டது.

"பெரியப்பாவுக்குப் பாவம் பார்த்தனான், சுவாமி! அப்பாவுக்குத் தெரியாமல் மீன் சொதி குடுத்தனான்! கால் வைக்கேல்லை, சைக்கிள்ள இருந்தபடி வேலிக்கு மேலால பெரியம்மாட்டத்தான் நீட்டினனான்!"

அம்மாமார் செபிப்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு நிலம் பிளந்தால் இறங்கலாம் போல இருந்தது. அடுத்ததாக அன்ரன் போய் முழந்தாளிட்டார். வெகுநேரம் இருந்தார். அவர் சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. எழும்பி நேரே என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கண் சிவந்திருந்தது.

"அந்தச் சொதிக்கு எவ்வளவு உப்புப் போட்டவளோ தெரியாது, ரீச்சர். அண்ணைக்கு உப்புக் கூடினால் ஏலாது."

வாசல்

முதல்நன்மை அன்று காலை, பிளாஸ்ரிக் கதிரையில் சூசையை இருத்தி நான்கு பேர் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கதிரையின் முன்காலைப் பிடித்திருந்தவர் அன்ரன். "டேய், மெல்ல. மற்றக் காலையும் முறிச்சுப்போடாதை" என்றார் சூசை. "பேசாமல் இரு, அண்ணை" என்றார் அன்ரன். வலை அறுந்த பிறகு அவர்கள் நேருக்கு நேர் கதைத்த முதல் கதை அது. டிலானி வெள்ளைச் சட்டையோடும் தலையில் பூமுடியோடும் குதித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் வாசல் நிறையச் சனம். கதிரை நுழைய இடமில்லை. ஜெரோம் கதிரையைப் பார்த்தான், தூக்கி நின்ற நான்கு பேரையும் பார்த்தான், பிறகு அண்ணாந்து கோயில் கூரையைப் பார்த்தான். ஓடிவந்து என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"ரீச்சர், கெதியாச் சனத்தை விலத்தச் சொல்லுங்கோ. கோயில் பாவம்!"

இப்போதும் அதே வகுப்பைத்தான் எடுக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் மெல்லமாகப் பேசச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன்.